ஏலத்துக்கு விட்ட காவல்

போடியில் ஏலம் என்று சொன்னால், சொல்கிறவன் எங்கே நின்று சொல்கிறான் என்று பார்த்துத்தான் அர்த்தம் பண்ண வேண்டும். செடியில் காய்ப்பதும் ஏலம், அதைக் கூவி விற்பதும் ஏலம். எழுபதுகளின் கடைசியில் எங்கள் மலையில் காவலையும் ஏலத்துக்கு விட்டார்கள். அதைக் கிண்டல் பண்ணி நான் ஒரு நாடகம் எழுதினேன். எழுதாமல் சும்மா கிடந்திருந்தால் இன்றைக்கும் என் அக்கா முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பேன்.

அப்போது நான் ஜீப் ஓட்டினேன். வண்டி முதலாளியுடையது, வசவு மட்டும் என்னுடையது. விடிந்ததும் ஸ்டாண்டில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் இறங்கித் தோட்டங்களில் விட வேண்டும். சாயங்காலம் அதே ஆட்களை ஊர் கொண்டு சேர்க்க வேண்டும். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேர் இருப்பார்கள். என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இடம் அக்காவுடையது. கொண்டை ஊசி வளைவில் நான் வேகம் காட்டினால் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பாள். "ஏலே, ஒம் பொண்டாட்டிக்கு நீ வேண்டாட்டியும் எங்களுக்கு எங்க உசுரு வேணும்டா" என்பாள். வண்டியே சிரிக்கும்.

அவள் எனக்கு எட்டு வயது மூத்தவள். நான் பத்தாவது வரை படித்தது அவள் காய் எடுத்த கூலியில். அந்த வருடம் மச்சான் மூட்டை தூக்கி, இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார். மூன்று பிள்ளைகள். அவள் மலை ஏறினால்தான் அந்த வீட்டில் உலை ஏறும்.

அவள் பக்கத்தில் தேவாரத்துக்காரி ஒருத்தி உட்காருவாள். யானை இறங்கிச் சோளக் காட்டை மிதித்துவிட்டுப் போனதால், அந்த சீசனுக்கு மட்டும் போடியில் குடிசை பிடித்து வேலைக்கு வந்தவள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். அக்காதான் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, காய் எடுக்கவும் பழக்கினாள்.

காய் விலை கிடுகிடுவென்று ஏறிய காலம் அது. தோட்டங்களில் திருட்டு நடந்தது உண்மை. பொய் சொல்லக் கூடாது. வேலியைப் பிரித்து உள்ளே புகுந்து சரம் சரமாக உருவிக்கொண்டு போனார்கள். அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் எட்டுப் பேர் கூடி, காவலைக் காண்ட்ராக்ட் விடுவது என்று முடிவு செய்தார்கள். யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கு. ஒருவர் எழுந்து, "மாசச் சம்பளமே வேண்டாம். ஆளைப் புடிச்சாத் தலைக்கு இம்புட்டுன்னு குடுங்க. புடிக்காட்டி ஒண்ணும் தர வேண்டாம்" என்றாராம். முதலாளிகளுக்கு வாயெல்லாம் பல். பிடிக்காவிட்டால் செலவே இல்லையே! திருடன் சிக்காத நாளில் காவல்காரன் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவரைக் காவக்காரர் என்றுதான் சொல்வோம். குட்டையான ஆள். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. யாரைப் பார்த்தாலும் "சாப்டியாப்பா?" என்பார். அதைக் கேட்டாலே சாப்பிட்டது வயிற்றில் தங்காது. இதற்கு முன் அவருக்குத் துப்புச் சொல்கிற தொழில். எங்கள் பக்கத்தில் மாடு களவு போனால் அப்படி ஒரு ஆளைப் போய்ப் பார்ப்பார்கள். துப்புக்கூலியைக் கையில் வைத்தால், "இன்ன ஓடைக்கரையில கட்டிக் கெடக்கு, போய் ஓட்டிக்கோ" என்பார். கட்டிப்போட்டவனும் துப்புச் சொன்னவனும் ஒரே சட்டியில் சோறு தின்கிறவர்கள் என்பது அந்த மாட்டுக்கே தெரியும். அந்த ஆளிடம்தான் எட்டுத் தோட்டத்தையும் கொடுத்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு இளவட்டங்களுக்குக் காக்கிச் சட்டை தைத்துப் போட்டு, கழுத்தில் விசிலை மாட்டிவிட்டார். தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் வந்து சேரும் இடத்தில் ஒரு கொட்டகை, ஒரு மூங்கில் தடுப்பு. சாயங்காலம் ஒவ்வொரு ஜீப்பும் அங்கே நிற்க வேண்டும். பெண்கள் இறங்கி முந்தானையை உதற வேண்டும், தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும். முதல் இருபது நாளில் நிஜமான திருடர்கள் சிலர் சிக்கினார்கள். மற்றவர்கள் வேறு மலை பார்த்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு தடுப்பில் நின்ற பையன்களின் முகம் நாளுக்கு நாள் காய்ந்தது. ஒரு நாள் ஒருவன் அக்காவின் தூக்கைப் பிடுங்கி, மிச்சச் சோற்றை மண்ணில் கொட்டிக் குச்சியால் கிளறினான். அக்கா காலித் தூக்கைத் துடைத்து மூடிக்கொண்டு வண்டி ஏறினாள். எனக்குத்தான் காது வரைக்கும் எரிந்தது.

அடிக்கத் தைரியம் இல்லாதவன் எழுதுவான். நான் எழுதினேன். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஜீப் ஸ்டாண்டில் வண்டிகளைக் கழுவி மாலை போட்டு, சாயங்காலம் ஒரு நாடகம் போடுவோம். எழுதுவது எப்போதும் நான்தான். அந்த வருடக் கதை இது: மல்லிகைப் பூ விளைகிற ஒரு ஊர். ராஜா தன் சேவகர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காவலை ஒரு ஆளுக்கு ஏலம் விடுகிறார். திருடனுக்குத் தலைக்கு ஒரு பொன். கொஞ்ச நாளில் ஊரில் திருடனே இல்லை, பொன்னும் இல்லை. காவல்காரன் பட்டினி. கடைசியில் கூலியாட்களைக் கூப்பிட்டுச் சொல்கிறான்: "திருடன் இல்லேன்னு எவன்டா சொன்னது? கையை மோந்து பாருங்கடா. பூ வாசம் அடிச்சாத் திருடன்!" ஊரே பூக் கட்டிப் பிழைக்கிற ஊர். ராணி கை உட்பட எல்லார் கையும் மணக்கிறது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜீப்பில் வருகிற பெண்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். முன் வரிசை நாற்காலியில் காவக்காரர். மைக் செட் செலவு அவர் கொடுத்தது, கூப்பிடாமல் இருக்க முடியுமா? கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும் அவருக்கு என்று நினைத்தேன். அவரோ தொடையைத் தட்டிச் சிரித்தார். மேடையேறி, கையை முகர்ந்த நடிகனுக்கு ரூபாய் நோட்டு ஒன்றைச் சட்டையில் குத்திவிட்டார். மைக்கில் அதையும் அறிவித்தார்கள். போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"நல்லா எழுதிருக்கப்பா. நீ மல்லின்னு போட்டிருக்க. நமக்கு ஏலம்னு வச்சுக்கிற வேண்டியதுதான்."

நக்கல் என்று நினைத்து நானும் சிரித்தேன். கூறுகெட்டவன் நான்.

நாலாம் நாள் சாயங்காலம் தடுப்பில் ஒரு பையன், "கையைக் காட்டு" என்றான். பெண்கள் முதலில் விளையாட்டு என்றுதான் கையை நீட்டினார்கள். அவன் குனிந்து முகர்ந்தான். காய் எடுக்கிற கை மணக்காமல் என்ன செய்யும்? செடிப் பால் பட்டு நகமெல்லாம் கறுத்து, ஒரு வாரம் வீட்டில் கிடந்தாலும் வாசம் போகாது. அதற்கும் காவக்காரர் வழி வைத்திருந்தார். காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் சோப்பும் தொட்டித் தண்ணீரும் வைத்துவிட்டார். "காயை எடை போட்டுக் குடுத்துட்டுக் கையக் கழுவிருங்க. கழுவுன கையி தடுப்புல வந்து மணந்தா என்ன அர்த்தம்? கழுவுனதுக்கு அப்பறம் காயைத் தொட்டிருக்க. மடியில வச்சிருந்து எங்கயோ எறிஞ்சிருக்க." கேட்டால் நியாயம் மாதிரியே இருக்கும். முதலாளிகள் ஆகா என்றார்களாம்.

பெண்கள் எலுமிச்சம் பழம் தேய்த்தார்கள், புளி தேய்த்தார்கள், சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். ஒருத்தி மண்ணெண்ணெய் பூசிக்கொண்டு வந்தாள். "வாசத்த மறைக்கப் பாக்குறா, இவளப் புடி" என்றான் காக்கிச் சட்டை. சிக்கினவள் பேர் ஒரு நோட்டில் ஏறும். மூன்று நாள் தவணை. அதற்குள் வேறு ஒருத்தி பேரைத் துப்பாகச் சொன்னால் இவள் பேரை அடித்துவிட்டு அவள் பேரை ஏற்றுவார்கள். சொல்லாவிட்டால் நோட்டு எட்டுத் தோட்டத்துக்கும் போகும், காவக்காரருக்குத் தலைக்கு உண்டான காசு வரும். அப்புறம் அந்த மலையில் அவளுக்கு வேலை கிடையாது. மாட்டுத் துப்பை மனுசருக்குக் கொண்டுவந்துவிட்டார் மனுசன். நாடகத்தில் நான் எழுதாத பகுதி அது ஒன்றுதான்.

ஜீப்பில் என்னைத் திட்டாத வாய் இல்லை. "ஏப்பா, எழுதுறதுக்கு ஒனக்கு வேற சோலியே கெடைக்கலையா?" என்றார்கள். அக்காதான் அடக்கினாள். "அவன் கேலிக்கு எழுதுனான். அந்த மூதேவி நெசம்னு எடுத்துக்கிட்டா எந்தம்பி என்னடி செய்வான்?" என்றாள். ஊரே திட்டினாலும் அவள் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்த ஒரு சாயங்காலம் அவள் கை சிக்கியது.

ஈரக் கையில் வாசம் கூடத்தான் செய்யும். பையன் இரண்டு தரம் முகர்ந்துவிட்டு விசில் ஊதினான். கொட்டகைக்குள்ளிருந்து காவக்காரர் நோட்டோடு வந்தார். "என்ன ஆத்தா, நீயுமா? சரி, மூணு நா இருக்கு. துப்பு எதாச்சும் இருந்தாச் சொல்லு" என்றார்.

"துப்புதான வேணும்? இந்தா" என்று அவர் காலடியில் துப்பினாள் அக்கா.

பையன் ஒருவன் கையை ஓங்கினான். காவக்காரர் அவனைத் தடுத்துவிட்டு, நிதானமாகப் பேரை எழுதினார். அக்கா வண்டியில் ஏறிக்கொண்டாள். மெட்டு தாண்டி ஊர் வரும் வரை, அவள் யார் பேரைச் சொல்லுவாளோ என்று ஒவ்வொருத்தியும் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலை உண்டு, தவணைக்குள்தானே. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மச்சான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன்: "யக்கா, அந்தத் தேவாரத்துக்காரி பேரைச் சொல்லிரு. சீசன் முடிஞ்சா அவ ஊருக்குப் போயிருவா. அவளுக்கு ஒண்ணும் ஆயிரப் போறதில்ல."

வடிதட்டைத் தூக்கி எறிந்தாள். என் காதோரம் போய்ச் சுவரில் பட்டது. "அவளுக்குக் காடு போச்சு. இங்கயும் போகணுமாக்கும்? நெஞ்சுல ஈரம் இருந்தா இந்தப் பேச்சு வாயில வருமாடா? எந்திரிச்சுப் போ." செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு. ஆனால் பிள்ளைகள் மூன்றும் தட்டோடு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் பெண்களைத் தோட்டத்தில் இறக்கியதும் நேராகக் கொட்டகைக்குப் போனேன். காவக்காரர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாப்பா, எழுத்தாளரே. சாப்டியா?"

"அண்ணே, எங்கக்கா எடுக்கலண்ணே. ஒங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றார்.

இன்னொரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"அவ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். எடுத்தான்னு மொதலாளிக்குத் தெரிஞ்சாப் போதும். ஆனா ஒண்ணுப்பா, இந்த மோந்து பாக்குற சோலி சரிப்பட்டு வரல. மழையில பயலுகளுக்கெல்லாம் சளி புடிச்சுப்போச்சு, ஒருத்தனுக்கும் மூக்கு வேலை செய்யல. மொதலாளிமார்களும், காய் எடுத்தாக் கை மணக்கத்தானய்யா செய்யும்னு இப்பத்தான் யோசிக்கிறாக." கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டார். "ஒன் நாடகத்துல அந்த ஊருல அதுக்கப்பறம் என்ன நடந்துச்சு?"

"நாடகம் அதோட முடிஞ்சுருச்சுண்ணே."

"மேடையில முடிஞ்சுச்சு. ஒம் மண்டையில முடிஞ்சிருக்காது. சொல்லு. நல்லதா ஒண்ணு சொன்னீன்னா, அக்கா பேரை இப்பவே அடிச்சிர்றேன்."

நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து வந்திருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மட்டமாக எதையாவது உளறியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒன்று இருந்தது. அடுத்த வருட ஆயுத பூஜைக்கென்று யோசித்து வைத்த இரண்டாம் பாகம். ஸ்டாண்டில் லோடுக்குக் காத்துக் கிடக்கும்போது மனசில் ஓட்டிப் பார்த்துத் தனியே சிரித்துக்கொள்வேன்.

சொன்னேன். அந்தக் காவல்காரன் கூலியாட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். ஊர்க்காரர்களைப் பத்துப் பத்துப் பேராகக் கட்டு கட்டிவிடுவான். பத்தில் ஒருத்தன் மடியில் பூ இருந்தாலும் பத்துப் பேரும் திருடர்கள். அப்புறம் காவலே வேண்டாம். புருசன் பெண்டாட்டியைச் சோதிப்பான், அண்ணன் தம்பியைச் சோதிப்பான். காவல்காரன் கட்டில் போட்டுத் தூங்குவான்.

காவக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "ஒரு ஜீப்பு ஒரு கட்டு" என்றார் தனக்குத்தானே. நோட்டை எடுத்து என் கண் முன்னால் அக்கா பேரை அடித்தார். எழுதுகிறவனின் கேடுகெட்ட புத்தியையும் சொல்லிவிடுகிறேன்: நான் சொன்னதை அவர் அப்படிக் கேட்டுக்கொண்டது எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

பேரை அடித்தாகிவிட்டது என்று சொன்னதும் அக்கா நம்பவில்லை. "எப்பிடிடா?" என்றாள். கெஞ்சிக் கேட்டேன், மனசு இறங்கிவிட்டார் என்றேன். அவள் என் தலையைத் தடவினாள். அன்று ராத்திரி எனக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை தடுப்பில் புதுச் சட்டம் சொன்னார்கள். ஒரு ஜீப்பு ஒரு கட்டு. ஒருத்தி மடியில் ஒரு காய் இருந்தாலும் பதினாறு பேர் பேரும் நோட்டில் ஏறும். முகர்கிற வேலை நின்றது. அப்பாடா என்றுதான் முதல் நாள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். இரண்டாம் நாள் ஸ்டோர் வாசலில், வண்டி ஏறுவதற்கு முன்னாலேயே ஒருத்தி மடியை ஒருத்தி தடவிப் பார்த்தார்கள். அதற்குப் பின் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். காக்கிச் சட்டைக்காரன் கூட அதுவரை கொண்டையில் கை வைத்ததில்லை. வண்டியில் பேச்சு செத்துவிட்டது. பக்கத்தில் இருக்கிறவள் கை எங்கே போகிறது என்று பார்க்கத்தான் கண்ணும் நேரமும் சரியாக இருந்தன.

ஒரு வாரம் கழித்து, காலையில் ஸ்டாண்டில் தேவாரத்துக்காரி ஏற வந்தாள். பின்கதவில் இருந்தவர்கள் குறுக்கே கையை நீட்டினார்கள். "நேத்து செடிக்குள்ள ரொம்ப நேரம் குனிஞ்சு கெடந்தா. இவ ஏறுனா நாங்க எறங்கிக்கிறோம்" என்றார்கள். அவள் தூக்குவாளியோடு நின்று அக்காவைப் பார்த்தாள். அக்கா கேட்டிருந்தால் ஏற்றியிருப்பார்கள். அவள் சொல்லுக்கு அந்த வண்டியில் மதிப்பு உண்டு. அக்கா குனிந்து தன் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் இஞ்சினைப் போட்டு வைத்துக் காத்திருந்தேன். "எடு தம்பி, நேரமாகுது" என்றாள் அக்கா. எடுத்தேன். கண்ணாடியில் தேவாரத்துக்காரி சின்னதாகி மறைகிற வரை அதே இடத்தில் நின்றாள். மறுநாளிலிருந்து ஸ்டாண்டுக்கே வரவில்லை.

வளைவுகள் ஆரம்பித்த பிறகு, பின்னால் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. மச்சான் படுத்தபோது கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"பாவி, நானும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் குரல் மாறியது. "அந்தக் காவக்காரனுக்கு இம்புட்டுப் புத்தி கெடையாதுடா. அவனுக்கு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். பொம்பளையப் பொம்பளைக்கே எமனா ஆக்கி விட்டுட்டான். கட்டையில போறவன், அவன் குடும்பம் வெளங்குமா? நீ சொல்லு தம்பி, வெளங்குவானா அவன்?"

பதினைந்து பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"வெளங்க மாட்டான்க்கா" என்றேன்.